பட்டறைப் பக்கம்: தட்டிப் பார்த்த பட்டாம்பூச்சி

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. குக்கர் வாஷர், தையல் மெஷின் கேள்விகளை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வணக்கம். பிறையில் சி.என்.சி. மெஷின் வைத்திருக்கும் நண்பர் எனக்காகவே ஒரு பட்டாம்பூச்சிக் கத்தி செய்து கொடுத்திருக்கிறார். பயிற்சிக் கத்திதான், முனையும் மொட்டை, விளிம்பும் மொட்டை. கைப்பிடியில் கெமுனிங் மரம், வால் பக்கம் பித்தளை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அரைமணி நேரம் சுழற்றினால் மணிக்கட்டு வலிக்கிறது. முன்பு வைத்திருந்த மலிவான கத்தியில் இந்த வலி வந்ததில்லை. குறை என் கையிலா, கத்தியிலா? இன்னொன்று: இதிலேயே கூர் பிளேடு மாட்டித் தருவதாக நண்பர் சொல்கிறார். மாட்டலாமா?
(24 வயது வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தம்பி, குறை உங்கள் கையில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து, ஆசையாகச் செய்யச் சொன்ன பொருள் கையை வலிக்க வைத்தால், மனுஷனுக்குத் தன் மேல்தான் முதல் சந்தேகம் வரும்.

போன சனிக்கிழமை நீங்கள் காரில் வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். திருகுகளைக் கழற்றி, பிளேடைத் தனியே துணியில் சுற்றி, மைலோ டின்னுக்குள் போட்டுக் கொண்டுவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஐந்து நாள் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் அது இருந்தது. எனக்குச் சுழற்றத் தெரியாது, அளக்கத் தெரியும். பாயான் லெப்பாசில் 27 வருடம் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவள் நான். சுழற்றியது என் மகள். ஆறு வருடமாக அவளுக்கு இதுதான் பொழுதுபோக்கு. ஆகவே கீழே வருவதில் எண்கள் எல்லாம் என்னுடையவை, கை உணர்வு எல்லாம் அவளுடையது.

இந்தக் கத்தியைப் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு பிளேடு, அதன் அடியில் இரண்டு துளை, ஒவ்வொரு துளையிலும் ஒரு கைப்பிடி. இரண்டு பிடியும் சுற்றி வந்து சேர்ந்தால் பிளேடு உள்ளே ஒளிந்துகொள்ளும். விரிந்து மறுபக்கம் சேர்ந்தால் பிளேடு வெளியே நிற்கும். பிலிப்பீன்ஸின் பத்தங்காஸ் மாநிலத்தில் தால் என்ற ஊர்ப்பக்கம் இது தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில். அங்கே இதைப் பாலிசோங் என்பார்கள். பைன்டே நுவெவே என்றும் ஒரு பெயர் உண்டு, அதாவது இருபத்தொன்பது. திறந்த நீளம் 29 செ.மீ. என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். பழைய லாரிகளின் வில்பட்டை இரும்பைத் தட்டித்தான் பிளேடு செய்தார்கள். 1979-இல் லெஸ் டி ஆசிஸ் என்பவர் அமெரிக்காவில் இந்தக் கத்தியின் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னால் பெஞ்ச்மேட் ஆனது. அவர்கள் முத்திரையில் இன்றைக்கும் பட்டாம்பூச்சி இருக்கிறது. இப்போது உலகம் முழுக்க இளைஞர்கள் மொட்டை பிளேடு வைத்துப் பம்பரம், யோயோ மாதிரி இதைக் கைவித்தையாகப் பழகுகிறார்கள். உங்களுடையது அந்த வகை. திறந்தால் 24.5 செ.மீ.

சரி, பரிசோதனைக்கு வருவோம்.

பொங்கலுக்கு முன்னால் லெபோ பாசாரில் பானை வாங்கும்போது என் பாட்டி பானையின் கோலத்தைப் பார்க்கவே மாட்டார். விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். கீறல் இருந்தால் சத்தம் சொல்லிவிடும். நானும் உங்கள் கத்தியை முதலில் பார்க்கவில்லை. பாகங்களை மாட்டி மகளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். திறக்கும்போது 'டக்' என்று ஒரே சத்தம். நல்ல சத்தம், சுத்தமான சத்தம். மூடும்போது மட்டும் 'டடக்' என்று இரண்டாக உடைந்து வந்தது. பத்துத் தடவை செய்யச் சொன்னேன், பத்துத் தடவையும் அப்படியே.

இரண்டு சத்தம் வந்தால், ஒரு பிடி தன் இடத்துக்கு நேராக வந்து உட்காரவில்லை, பக்கவாட்டில் ஆடி இன்னொரு பிடியை உரசிவிட்டு உட்காருகிறது என்று பொருள். எந்தப் பிடி? மூடும்போது பிளேடின் வெட்டும் பக்கம் எந்தப் பிடிக்குள் இறங்குகிறதோ அதைக் கடிக்கும் பிடி என்று வைத்துக்கொள்வோம். மற்றது கடிக்காத பிடி. சுழற்றுகிறவர்கள் கடிக்காத பிடியைப் பிடித்துத்தான் தொடங்குவார்கள். பிளேடைப் பலகையில் இறுக்கி, ஒவ்வொரு பிடியின் நுனியிலும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஆட்டிப் பார்த்தேன். கடிக்காத பிடி 0.4 மி.மீ. ஆடியது. கடிக்கும் பிடி 1.6 மி.மீ.

0.4 என்பது குறையே இல்லை. இதை எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஆட்டமே இருக்கக்கூடாது என்று நினைத்துத் திருகை முறுக்கி முறுக்கிக் கத்தியைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். பிவட்டில், அதாவது பிடி சுழலும் திருகு அச்சில், இருக்கும் வாஷரின் அகலம் 9 மி.மீ. பிடியின் நீளம் 120 மி.மீ. ஆக, பிவட்டில் இருக்கும் இடைவெளி நுனியில் ஏறத்தாழ 13 மடங்காகத் தெரியும். நுனியில் 0.4 ஆடினால் பிவட்டில் இருக்கும் இடைவெளி வெறும் 0.03. அந்த அளவு இல்லாவிட்டால் பிடி சுற்றவே சுற்றாது. கடிக்கும் பிடியில் அது 0.12 ஆகிவிட்டது. நான் மாட்டிய திருகு அதற்குள் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.

நான் இறுக்கினேன். ஆட்டம் போனது, கூடவே சுழற்சியும் போனது. பிடி பாதியில் நின்றது. கொஞ்சம் தளர்த்தினேன், அன்று மாலையே மறுபடி ஆடியது. உங்கள் நண்பர் இரண்டு பக்கமும் வாஷர் மட்டும் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், ஆயிரம் தடவை அடிபடும் திருகு அந்த இடத்தில் நிற்காது. இதற்கு மருந்து புஷ். பிளேடின் துளைக்குள் உட்காரும் ஒரு சின்ன எஃகுக் குழாய். திருகை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் முழுவதையும் புஷ் தாங்கிக்கொள்ளும், பிளேடு அதைச் சுற்றிச் சுதந்திரமாக ஓடும்.

உங்கள் நண்பருக்காக அளவையும் தருகிறேன். பிளேடின் அடியின் தடிமன் இரண்டு துளைக்கருகிலும் 3.20 மி.மீ. வாஷர் ஒவ்வொன்றும் 0.50. மொத்தம் 4.20. ஆகவே புஷ்ஷின் நீளம் 4.23. முதலில் 4.26-க்குக் கடைந்துகொள்ளுங்கள். தடித்த கண்ணாடி மேல் நயமான கெர்தாஸ் பாசிர் (உப்புத்தாள்) ஒட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, புஷ்ஷை நிமிர்த்தி வைத்துத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டால் ஒரே இழுப்பில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு போய்விடும். பயிற்சி பிளேடு கடினப்படுத்தாத எஃகு என்பதால் துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்குவது சுலபம். மாட்டும்போது திருகில், அது தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை, நீல நிறம், ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் கழற்றும்போது திருகுத் தலை தேய்ந்துவிடும்.

இனி விரல். மகள் முதல் நாள் இருபது நிமிடம் ரோல்ஓவர் செய்தாள். ஒரு பிடி சுட்டுவிரலின் புறத்தைச் சுற்றி உருண்டு மறுபடி கைக்குள் வந்து விழும் வித்தை அது. முடித்துவிட்டு விரலைக் காட்டினாள். நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கோடு. நான் பிடியின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மரத்திலிருந்து எஃகுத் தகட்டுக்கு வரும் இடத்தில் நகம் 'டிக்' என்று தடுக்கியது. மரம் தகட்டை விட 0.05 மி.மீ. கீழே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். நண்பர் பொருத்தியபோது இரண்டும் சமமாகத்தான் இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் கத்தியை ஏர்கோன் அறையில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பொருத்திய மரம் அங்கே போய்க் காய்ந்து சுருங்கிவிட்டது. மரத்தைக் குறை சொல்ல முடியாது. கெமுனிங் நல்ல மரம், கறிவேப்பிலைக்கு உறவு, மலாய்க்காரர்கள் கெரிஸ் பிடிக்கும் உறைக்கும் காலங்காலமாகப் பயன்படுத்துவது. கத்தியை இரண்டு வாரம் உங்கள் அறையிலேயே விட்டுவிடுங்கள். மரம் சுருங்க வேண்டியது சுருங்கட்டும். அதற்குப் பிறகு மரத்தையும் தகட்டையும் சேர்த்து நீளவாக்கில் தேய்த்துச் சமப்படுத்தி, தகட்டின் விளிம்பை அரை மில்லிமீட்டர் உருட்டிவிடச் சொல்லுங்கள்.

தகட்டில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருக்கிறார். படத்துக்கு நன்றாக இருக்கும். வியர்த்த கைக்கு ஆகாது. 400-ஆம் நம்பர் தாளில் ஒரே திசையில் தேய்த்து மங்கலான வரி விட்டால் பிடியும் கிடைக்கும், கைரேகையும் தெரியாது.

இப்போது மணிக்கட்டு. மகள் இரண்டாவது நாள் சொன்னது இதுதான்: "மா, திறக்கும்போது என் கை கத்தியைத் திருப்பல, கத்திதான் என் கையைத் திருப்புது. பின்னால இழுக்குது."

நகைக்கடைச் சின்னத் தராசில் நிறுத்தேன். பிளேடு 44.3 கிராம். கடிக்கும் பிடி, இரண்டு பிடியையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியோடு, 63.8. கடிக்காத பிடி 59.1. மொத்தம் 167.2 கிராம். மகள் தினமும் பழகும் கத்தி, அலுமினியப் பிடி போட்டது, 126 கிராம். அதனால் எடை கூட என்பது உண்மைதான், ஆனால் எடை மட்டும் காரணமில்லை. அவளிடம் 160 கிராமுக்கு இன்னொரு கத்தியும் இருக்கிறது, அதில் அவளுக்கு வலி வருவதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

திறந்த கத்தியை இரும்பு அடிக்கோலின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தேன். அவளுடைய கத்தி பிவட்டிலிருந்து வால் பக்கமாக 20 மி.மீ. தள்ளிச் சமநிலையில் நின்றது. உங்களுடையது 36 மி.மீ. தள்ளி. அந்தப் பதினாறு மில்லிமீட்டர்தான் உங்கள் வலி.

பிடியின் வாலில் இருக்கும் பித்தளைத் துண்டுகள் ஒவ்வொன்றும் 10 கிராம். இரண்டும் சேர்ந்து இருபது கிராம்தானே என்று தோன்றும். ஆனால் சுழலும் பொருளில் எடை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் நாலு மடங்கு சிரமம். வாலில் இருக்கும் 10 கிராம், பிடியின் நடுவில் 40 கிராம் வைத்ததற்குச் சமம். ஒவ்வொரு தடவை பிடி வந்து கையில் விழும்போதும் அதை நிறுத்துவது உங்கள் மணிக்கட்டு. அரைமணி நேரத்தில் எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன்: பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகு என்று சொன்னது அந்தப் பித்தளையைத்தான். மஞ்சள் மரத்துக்குக் கீழே மஞ்சள் உலோகம், வேஷ்டிக்குக் கரை கட்டிய மாதிரி. எனக்கும் முதல் பார்வையில் அதுதான் கண்ணில் பட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பெட்டி பஞ்ச், அதாவது தகட்டில் துளை போடும் எஃகுத் துண்டுகள், பளபளவென்று வந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து, விரலால் தடவாமல் பாஸ் போட்டேன். ஒன்றில் பிசிர் இருந்தது, ஓரத்தில் துருத்தி நிற்கும் சின்ன உலோக முள். அடுத்த நாள் இரவு ஷிப்டில், பஞ்ச் இறங்கும் அச்சின் (டை) வாய் உடைந்தது. கூட வேலை பார்த்த மலாய் அக்கா ஒருவர் என்னைத் திட்டவில்லை, பெட்டியைத் திறந்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னார். பதினோராவது பஞ்சில் விரல் நின்றது. அன்றிலிருந்து எந்தப் பொருளையும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

பித்தளையைக் கழற்றிவிட்டு அதே அளவில் அலுமினியம் போடச் சொல்லுங்கள். ஒரு கன செ.மீ. பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. அலுமினியம் போட்டால் ஒவ்வொரு வாலும் 10 கிராமிலிருந்து மூன்றேகாலுக்கு வரும். கத்தியின் எடை 154 கிராமுக்குக் கிட்டே இறங்கும், சமநிலைப் புள்ளி 29 மி.மீ.க்கு முன்னேறும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் நிறம் வேண்டும் என்றால் அலுமினியத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒட்டலாம். அழகு போகாது.

கொக்கி 3.2 கிராம். அது கடிக்கும் பிடியின் வாலில் தொங்குகிறது. சுழற்றுகிறவர்கள் பலர் அதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் இரண்டு பிடிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் 4.7 கிராமிலிருந்து 1.5-க்கு இறங்கும். மிச்சம் அந்த ஒன்றரை கிராம் மரத்தினுடையது. ஒரு பிடியின் மரம் நெருக்கமான வரியோடு இருக்கிறது, மற்றதில் வரி அகலம். ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த துண்டுகளை எடுத்திருந்தால் இது வந்திருக்காது. ஆனால் ஒன்று: கொக்கி இருக்கும் பக்கம் கடிக்கும் பிடி என்று உங்கள் விரல் பழகியிருக்கும். கழற்றினால், அந்தப் பிடியின் வெளிப்பக்கத்தில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் போட்டு அடையாளம் வையுங்கள்.

குறை சொல்லியே பேசிவிட்டேன். உங்கள் நண்பரிடம் நல்ல கை இருக்கிறது, அதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மூடிய கத்தியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பிடிக்கும் நடுவில் வெளிச்சக் கோடு பிவட்டிலிருந்து வால் வரை ஒரே அகலம். இடைவெளி அளக்கும் 0.30 மி.மீ. ஃபீலர் தகடு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தது, எங்கேயும் சிக்கவில்லை. கைவேலையாக வரும் கத்திகளில் இது அபூர்வம். பிளேடு நட்ட நடுவில் இறங்குகிறது, உள்சுவரில் ஒரு கீறல் இல்லை. பிளேடில் போட்டிருக்கும் வட்டத் துளைகள் அடியில் பெரிதாகத் தொடங்கி நுனியை நோக்கிச் சிறுத்துப்போகின்றன. சுழலும்போது அது ஒரு நீண்ட பளிச்சென்ற வால் மாதிரி தெரிகிறது. மகள் அதைப் பார்ப்பதற்காகவே ஃபேன் என்ற சுழற்றும் வித்தையை நாலு தடவை செய்தாள். அந்தத் துளை ஒவ்வொன்றின் வாயையும் பிசிர் இல்லாமல் உருட்டியிருக்கிறார். நான் எல்லாவற்றிலும் விரல் விட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு வாய், ஒன்றுகூடத் தப்பவில்லை.

கூர் பிளேடு விஷயம். வேண்டாம் தம்பி. அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 1958-ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதச் சட்டம் நம் நாட்டில் கடுமையானது. சரியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 6(1)-ஆம் பிரிவில் ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறை, பத்து வருடம் வரை போகலாம், பிரம்படியும் உண்டு. பினாங்குப் பாலத்தில் போலீஸ் காரை நிறுத்தினால், இது கைவித்தைக்காக என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. செய்துகொடுத்த நண்பரையும் அது இழுத்துவிடும். அதைவிட முக்கியம், இந்தக் கலையின் முழு இன்பமும் மொட்டை பிளேடில் இருக்கிறது. ஆறு வருடத்தில் என் மகள் கூர் பிளேடைத் தொட்டதில்லை. நீங்கள் மைலோ டின்னில் கழற்றிக் கொண்டுவந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது இதனால்தான். வெளியே எடுத்துப்போக வேண்டி வந்தால் எப்போதும் அப்படியே கொண்டுபோங்கள்.

கத்தியை ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். அளவுகள் எழுதிய தாளும் டின்னுக்குள் இருக்கும். புஷ் போட்ட பிறகு ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள், அந்த இரண்டாவது சத்தம் போய்விட்டதா என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஆன்லைனில் மொட்டைப் பட்டாம்பூச்சிக் கத்தி வாங்கி வீட்டு ஹாலில் நாள் முழுக்கச் சுழற்றுகிறான். பார்க்கவே பயமாக இருக்கிறது. "கூர் இல்லம்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறான். பள்ளி ஆசிரியர் தினத்தில் மேடையில் செய்துகாட்ட வேண்டுமாம். அனுப்பலாமா?
(ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: சகோதரி, பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பையில் இருக்கும்போது அது மொட்டையா கூரா என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஒருவர் பயந்து போலீஸைக் கூப்பிட்டால் பையன் நிலைமை என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேலே சொன்ன சட்டத்தை அவனிடமே படிக்கக் கொடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். மேடை ஆசை இருந்தால் வீட்டில் வீடியோ எடுத்து, ஆசிரியர் ஒத்துக்கொண்டால் திரையில் காட்டட்டும்.

வீட்டில் செய்வதைத் தடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. என் மகள் பதினைந்து வயதில் தொடங்கியபோது நானும் உங்களைப் போலத்தான் பதறினேன். பிறகு கவனித்தேன்: ஒரு வித்தை கைவர முந்நூறு தடவை கீழே போட்டாள், முந்நூறு தடவையும் குனிந்து எடுத்தாள். அந்தப் பொறுமையை நான் எந்த டியூஷனுக்கு அனுப்பியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

ஆனால் 'ஒண்ணும் ஆகாது' என்பது தவறு. நூறு, நூற்றைம்பது கிராம் இரும்பு நெஞ்சு உயரத்திலிருந்து கால்விரலில் விழுந்தால் நகம் கறுத்துவிடும். மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையில் கண்ணுக்கு ஆபத்து. செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளட்டும், தூக்கிப்போடும் வித்தைகளைக் கட்டில் மெத்தைக்கு முன்னால் நின்று, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யட்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வேறு அறையில் இருக்கும்போது மட்டும்.

அப்புறம் ஒரு வேலை, இதை நீங்களே செய்யலாம். மருந்துக்கடைப் பஞ்சு கொஞ்சம் எடுத்து, பிளேடின் விளிம்பு, துளைகள், பிடியின் ஓரம் எல்லாவற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. மலிவான கத்திகளில் பெரும்பாலும் துளை வாயில்தான் இருக்கும். நயமான கெர்தாஸ் பாசிரைப் பென்சிலில் சுற்றித் துளைக்குள் விட்டு உருட்டினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். மகனைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவன் பொறுப்பு. திருகு கழன்று பறக்கும் பிளேடு மொட்டையாக இருந்தாலும் பிளேடுதான்.

கேள்வி: பட்டாம்பூச்சிக் கத்தியின் பிவட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? முதலில் நன்றாக ஓடியது, இப்போது பிசுபிசுவென்று இருக்கிறது.
(கெப்போங் வாசகர், கோலாலம்பூர்)

பதில்: விடாதீர்கள். சமையல் எண்ணெய் நாளாக நாளாகக் காற்றுப் பட்டுக் கெட்டுப் பிசுபிசுத்துவிடலாம், தூசியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு பல் பிரஷ்ஷால் தேய்த்து, அன்றே துடைத்துக் காயவிடுங்கள். பிடி மரமாக இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள், பிவட் பாகங்களை மட்டும் கழுவினால் போதும். பிறகு தையல் மெஷின் எண்ணெய், குண்டூசி முனையில் எடுத்து, வாஷருக்கு ஒரு சொட்டு. பத்து தடவை திறந்து மூடிவிட்டு வெளியே கசிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். துணி கறுப்பாக வந்தால் மறுபடி ஒரு சொட்டு விட்டு, சுத்தமாக வரும்வரை செய்யுங்கள்.